மாமாவின் சிவப்புப் பொடி

உங்கள் கட்டைவிரல் நகத்தை ஒரு தடவை பாருங்கள். பார்த்தாச்சா? பார்த்துக்கொண்டிருந்த அந்த ஒரு விநாடியில் அது சுமார் ஒரு நானோமீட்டர் வளர்ந்துவிட்டது. உடனே நகவெட்டியைத் தேட வேண்டாம். ஒரு அளவுக்காகச் சொன்னேன். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்கு போட்டால் ஒரு பங்கு, ஒரு நானோமீட்டர். தலைமுடியின் பருமன் சுமார் 80,000 நானோமீட்டர். (முடி இருப்பவர்கள் சரிபார்த்துக்கொள்ளலாம்.)

இந்த அளவில் கோடு கிழிக்கிறார்கள், குழி தோண்டுகிறார்கள், சுவர் எழுப்புகிறார்கள். உங்கள் சட்டைப்பையில் இருக்கும் செல்போனின் மூளையே அப்படித் தோண்டிய பள்ளமும் மேடும்தான். இது எனக்கும் தெரியும். பத்திரிகையில் படித்திருக்கிறேன், தலையாட்டியிருக்கிறேன், மறந்திருக்கிறேன். ஆனால் அதை எனக்குப் புரியவைத்தவர் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட என் மாமா. வயது 86.

மாமாவுக்குத் திருவல்லிக்கேணியில் ஒரு சந்துக்குள் பிளாக் மேக்கிங் பட்டறை இருந்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு பிளாக் என்றால் போனில் ஒருவரை வரவிடாமல் செய்வது. அந்தக் காலத்தில் பிளாக் இல்லாமல் பத்திரிகையில் ஒரு படம் வராது. எழுத்தை கம்பாசிட்டர் ஈய டைப்பில் கோத்துவிடுவார். படத்தை எப்படிக் கோப்பது? அதற்குத்தான் மாமா.

1971 கோடை விடுமுறையில் நான் அந்தப் பட்டறையில் எடுபிடி. என் முதல் வேலை முட்டை வாங்கி வருவது. சிரிக்காதீர்கள். ஸிங்க் தகட்டை வெள்ளிக்கிண்ணம் மாதிரித் தேய்த்து, முட்டை வெள்ளைக்கருவில் அம்மோனியம் பைக்ரோமேட்டைக் கலந்து அதன்மேல் ஊற்றுவார் மாமா. தகட்டை ஒரு சக்கரத்தில் மாட்டிக் கரகரவென்று சுற்றுவார். கரைசல் ஓரத்துக்கு ஓடி, தகடு முழுக்க ஒரே சீராக மெல்லிசாகப் படியும். (மஞ்சள்கரு எல்லாம் ஆம்லெட். என் இரண்டாவது வேலை அதைச் சாப்பிடுவது.)

அப்புறம் அதன்மேல் படத்தின் நெகடிவ்வை வைத்து இறுக்கி, ஆர்க் விளக்கு வெளிச்சம். வெளிச்சம் பட்ட இடத்தில் வெள்ளைக்கரு கெட்டிப்பட்டு ஒட்டிக்கொள்ளும். படாத இடம் தண்ணீரில் கரைந்து போய்விடும். அடுத்து நைட்ரிக் ஆசிட் தொட்டி. கெட்டிப்பட்ட இடத்தை ஆசிட் தொடாது, வெறும் உலோகத்தைக் கடித்துத் தின்னும். கோடு மேடாக நிற்கும், மற்றதெல்லாம் பள்ளம். மேட்டில் மை தடவி அச்சடித்தால் சினிமா நடிகையோ, சிரிப்புப் படமோ, தலைவர் சிலை திறப்போ பத்திரிகையில் வந்துவிடும்.

இங்கேதான் ஒரு சிக்கல். ஆசிட்டுக்குக் கீழ், பக்கம் என்ற வித்தியாசம் தெரியாது. கீழே கடிக்கச் சொன்னால் பக்கவாட்டிலும் கடிக்கும். கோட்டின் அடிப்பக்கம் கரையான் அரித்த மரம் மாதிரி ஆகி, மேலே அழகாகத் தெரிகிற கோடு அச்சடிக்கும்போது பொசுக்கென்று உடைந்து விழும். அதனால் மாமா ஒரேயடியாக ஆசிட்டில் போட்டு வைக்க மாட்டார். கொஞ்சம் கடிக்க விடுவார், எடுப்பார், கழுவுவார். பிறகு ஒரு டப்பாவைத் திறப்பார். அதில் ரத்தச் சிவப்பில் ஒரு பொடி. ஒரு மரத்துப் பிசினைப் பொடித்தது. வெளிநாட்டுக்காரன் அதற்கு டிராகன் ரத்தம் என்று பெயர் வைத்திருக்கிறான். மாமாவுக்கு அது வெறும் ‘சிவப்புப் பொடி’.

மிருதுவான பிரஷ்ஷில் அதை எடுத்து தகட்டின் மேல் ஒரு பக்கமாகத் தள்ளுவார். பொடி கோட்டின் சுவரில் போய் அண்டி நிற்கும். அப்புறம் எதிர்ப்பக்கத்திலிருந்து. அப்புறம் இடது, வலது. நாலு பக்கமும் அண்டக் கொடுத்ததும் தகட்டைச் சூடு காட்டுவார். பொடி உருகிச் சுவருக்குப் பூச்சு ஆகிவிடும். இனி ஆசிட் கீழேதான் கடிக்க முடியும். மறுபடி கடி, மறுபடி பொடி. ‘முதல் பைட், ரெண்டாவது பைட்’ என்று மாமா எண்ணுவார். எத்தனை பைட், எவ்வளவு நேரம் என்பதற்கெல்லாம் கடிகாரம் கிடையாது. ஆசிட்டில் கிளம்பும் குமிழியைப் பார்த்தே சொல்வார்.

* * *

1987-ல் பட்டறை மூடியது. காரணம் ஆஃப்செட். ஆஃப்செட் மெஷினுக்கு பிளாக் வேண்டாம். இதை நான் ஏதோ சரித்திரச் செய்தி மாதிரிச் சொல்கிறேனே, அது சரியில்லை. அப்போது நான் ஒரு அச்சகத்தில் வேலையில் இருந்தேன். மாமாவுக்கு நிறைய பிளாக் ஆர்டர் கொடுத்துவந்த அச்சகம் அதுதான். ஆஃப்செட் வந்து இறங்கிய வாரம், ‘இனி தங்களிடமிருந்து பிளாக்குகள் தேவைப்படாது’ என்று ஒரு கடிதம் டைப் ஆனது. கீழே கையெழுத்து யாருடையது என்று நினைக்கிறீர்கள்? அடியேனுடையது. முதலாளி நீட்டினார், போட்டேன்.

மாமா அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்தப் பெரிய கேமராவை எடைக்குப் போட்டார். மகனிடம், “பேங்க் பரீட்சை எழுது. இந்தப் பாழாப்போன தொழில் பக்கமே வராதே” என்றார். அவனும் எழுதினான், பாஸானான், ரிடையரும் ஆகிவிட்டான். மாமாவிடம் யாராவது பட்டறையைப் பற்றி ஆரம்பித்தால் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவார். ஒரே ஒரு முறை, ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தபோது, “ஒண்ணுத்துக்கும் உதவாத வித்தையை இருபத்தஞ்சு வருஷம் கத்துக்கிட்டேன் மாப்ளே” என்றார். ரசம் வந்தது. பேச்சு நின்றது.

போன பொங்கலுக்கு மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். பேத்தி கவிதா பெங்களூரிலிருந்து வந்திருந்தாள். ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. சிலிக்கான் தகட்டில் நானோ அளவில் பேட்டர்ன் போடுவது. வீட்டில் எல்லோரும் அதை ‘கம்ப்யூட்டர் வேலை’ என்று சொல்லி முடித்துவிட்டார்கள்.

“அப்படி என்னதான்மா பண்றே?” என்று பேச்சுக்குக் கேட்டேன்.

“சிலிக்கான் தட்டுல ஒரு ரசாயனத்தை ஊத்தி வேகமா சுத்துவோம் மாமா. மெல்லிசா ஒரே சீராப் படியும். அப்புறம்...”

ஊஞ்சலில் கண்மூடிக் கிடந்த மாமாவின் கால் தரையை ஊன்றியது. ஊஞ்சல் நின்றது.

“என்ன ரசாயனம்? முட்டையா?”

கவிதா சிரித்துவிட்டாள். “முட்டையா? தாத்தா, போட்டோரெஸிஸ்ட்னு பேரு. வெளிச்சம் பட்டா குணம் மாறும்.”

“பட்ட இடம் நிக்குமா, கரையுமா?”

“ரெண்டு வகையும் உண்டு தாத்தா.”

“எங்களுது பட்ட இடம் நிக்கும்,” என்றார் மாமா. 1987-க்குப் பிறகு அவர் பட்டறையைப் பற்றித் தானாகச் சொன்ன முதல் வாக்கியம் அது.

அன்றைக்கு மத்தியானம் யாரும் தூங்கவில்லை.

* * *

கவிதா சொன்னதையும், அப்புறம் நான் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

மாமாவின் தொழிலுக்கும் சில்லுத் தொழிலுக்கும் ஒற்றுமை தற்செயல் இல்லை ஸார், ரத்த சம்பந்தம்! 1957-ல் அமெரிக்க ராணுவத்தின் ஒரு ஆய்வுக்கூடத்தில் ஜே லாத்ராப், ஜேம்ஸ் நால் என்று இரண்டு பேர். குண்டின் மூக்கில் வைக்கிற அளவுக்குச் சின்ன மின்சுற்று வேண்டும் என்பது அவர்கள் தலைவலி. அச்சுத் தொழிலில் வெளிச்சத்தை வைத்து உலோகத்தை அரிக்கிறார்களே, அதையே டிரான்சிஸ்டர் தயாரிப்பில் செய்தால் என்ன என்று கோடாக் கம்பெனியின் ரசாயனத்தை வாங்கிப் பூசினார்கள். படத்தைச் சின்னதாக்க வேண்டுமே? மைக்ராஸ்கோப் சின்னதைப் பெரிசாக்கும் அல்லவா, அதைத் தலைகீழாகப் பயன்படுத்தினார்கள். பெரிய படம் சின்னதாக விழுந்தது. தங்கள் முறைக்கு அச்சுத் தொழிலின் பெயரையே வைத்தார்கள், போட்டோலித்தோகிராஃபி. அன்று ஆரம்பித்த ஓட்டம் இன்னும் நிற்கவில்லை.

எல்லாம் ஒன்று என்றால் அளவு எப்படி இவ்வளவு சின்னதானது? மாமாவும் இதைத்தான் கேட்டார். பத்திரிகைக் காகிதத்துக்கு மாமா போட்டது 65 லைன் ஸ்கிரீன். அங்குலத்துக்கு 65 புள்ளி. வழவழ காகிதம் என்றால் 133 வரை போவார். அதற்கு மேல் ஆசைப்பட்டால் மை அப்பிக்கொள்ளும்.

இவர்களுக்குத் தொல்லை கொடுப்பது மை இல்லை, வெளிச்சமே. வெளிச்சம் ஒரு பிரஷ் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் பருமன் உண்டு. அதுதான் அலைநீளம். வெள்ளையடிக்கிற மட்டையை வைத்துக்கொண்டு கண்ணுக்கு மை தீட்ட முடியுமா? அதனால் பிரஷ்ஷை மாற்றிக்கொண்டே வந்தார்கள். பாதரச விளக்கின் 436 நானோமீட்டர் நீல வெளிச்சம், பிறகு கண்ணுக்குத் தெரியாத 365, பிறகு லேசரில் 248, பிறகு 193. இந்த வகை லேசரை ஐ.பி.எம். நிறுவனத்தில் 1982-ல் இதற்குப் பயன்படுத்திக் காட்டியவர் காந்தி ஜெயின் என்ற இந்திய வம்சாவளி விஞ்ஞானி. (காந்தி என்றால் ஒளி என்று ஒரு அர்த்தம் உண்டு. பெற்றோர் யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள்.)

193-க்கு வந்ததும் வண்டி நின்றுவிட்டது. அடுத்தது 157 என்று முடிவு செய்து பெரிய கம்பெனிகள் பணத்தைக் கொட்டின. அதற்கான லென்ஸும் மற்றதும் சரியாக அமையாமல் எல்லோரும் விழித்துக்கொண்டிருந்த 2002-ல், தைவானின் டி.எஸ்.எம்.சி. நிறுவனத்தில் இருந்த பர்ன் லின் என்பவர், புது வெளிச்சம் எதற்கு, பழைய 193-ஐயே வைத்துக்கொண்டு லென்ஸுக்கும் தகட்டுக்கும் நடுவில் தண்ணீரை விடுங்கள் என்றார்.

தண்ணீர்! சாதாரண, ஆனால் மிக மிகச் சுத்தமான தண்ணீர். தண்ணீருக்குள் வெளிச்சத்தின் அலைநீளம் சுருங்கும். 193-ஐ 1.44-ஆல் வகுத்தால் 134. எல்லோரும் கோடிகளைக் கொட்டித் தேடிய 157-ஐவிடச் சின்னது. உங்களுக்கும் எனக்கும் கேட்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் 157-ல் பணம் போட்டவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? குமிழி வரும், சொட்டு நிற்கும், கறை படியும் என்று எதிர்ப்புக் கிளம்பியது. ஒவ்வொன்றாகச் சரிசெய்தார்கள். சில வருஷத்திலேயே தண்ணீர் ஜெயித்தது. 157 வழக்கொழிந்தது.

இதைச் சொன்னபோது மாமா, “அப்போ அந்த 157 காரங்க மெஷினை என்ன பண்ணாங்க?” என்றார்.

கவிதாவுக்குப் பதில் தெரியவில்லை. எனக்கு அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று தெரிந்தது. தட்டிலிருந்த முறுக்கைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தண்ணீரும் போதாமல் போனபோது ஒரே படத்தைப் பாதிப் பாதியாகப் பிரித்து, இரண்டு தடவை அடித்துப் பார்த்தார்கள். முதல் தடவை விட்ட சந்தில் இரண்டாவது தடவை கோடு. “ரிஜிஸ்டர் தப்புமே?” என்றார் மாமா உடனே. கலர் அச்சில் மஞ்சள், சிவப்பு, நீலம் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்கார வேண்டும். தப்பினால் நடிகையின் உதட்டுச்சாயம் கன்னத்துக்குப் போய்விடும். அதற்காக ஓரத்தில் சின்னக் கூட்டல் குறி போட்டுப் பொருத்திப் பார்ப்பார்கள். இங்கேயும் அதே மாதிரி அடையாளக் குறிதான். தப்பக்கூடிய அளவு மட்டும் ஓரிரு நானோமீட்டர்.

* * *

இன்றைக்கு நம்பர் ஒன் மெஷின் நெதர்லாந்தின் ஏ.எஸ்.எம்.எல். கம்பெனி செய்வது. அதன் வெளிச்சம் 13.5 நானோமீட்டர். இதைத் தயாரிக்கிற விதத்தைக் கேட்டால் யாரோ குடித்துவிட்டு எழுதிய கதை மாதிரி இருக்கும். உருக்கிய தகரத்தைத் துளித் துளியாக விடுகிறார்கள். தகரம் என்றால் பாத்திரத்துக்கு ஈயம் பூச உபயோகிக்கிறோமே, அந்த வெள்ளீயம். விநாடிக்கு 50,000 துளி. பறந்து வருகிற ஒவ்வொரு துளியையும் லேசரால் இரண்டு தடவை அடிக்கிறார்கள். முதல் அடியில் துளி தோசை மாதிரித் தட்டையாகிறது. இரண்டாவது அடியில் சுமார் 2 லட்சம் டிகிரிக்குச் சூடாகி வெடித்து அந்த வெளிச்சத்தைக் கக்குகிறது.

இந்த வெளிச்சம் மகா சங்கோஜி. காற்று இதை உறிஞ்சிவிடும், அதனால் எல்லாம் வெற்றிடத்துக்குள். கண்ணாடி லென்ஸும் உறிஞ்சிவிடும், அதனால் லென்ஸே கிடையாது. வளைந்த ஆடிகளில் பட்டுப் பட்டு எகிறித்தான் தகட்டுக்கு வர வேண்டும். ஒவ்வொரு ஆடியும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைக் கமிஷனாக எடுத்துக்கொள்கிறது. ஊருக்குப் போய்ச் சேர்வது நூற்றுக்குச் சில பங்குதான். (நம் ஊரில் சில திட்டங்கள் ஞாபகத்துக்கு வந்தால் நான் பொறுப்பல்ல.)

1986-லேயே ஜப்பானில் ஹிரோ கினோஷிட்டா என்பவர் இப்படி ஆடிகளை வைத்துப் படம் விழவைத்துக் காட்டினார். கேட்டவர்கள் சரடு விடுகிறார் என்று நினைத்தார்கள். அந்தச் சரடு தொழிற்சாலையில் சில்லு அடிக்க ஆரம்பித்தது 2019-ல். முப்பத்து மூன்று வருஷம்! ஒரு மெஷின் விலை 15 கோடி டாலருக்கு மேல். எடை சுமார் 180 டன். இதைச் செய்ய உலகத்தில் அந்த ஒரே கம்பெனிதான் என்பதால் சர்க்கார்கள் சண்டை போடுகின்றன. சீனாவுக்கு அனுப்ப நெதர்லாந்து அரசு 2019 முதல் அனுமதி கொடுக்கவில்லை. பெட்ரோலுக்குச் சண்டை போட்டது போய், கோடு கிழிக்கிற மெஷினுக்குச் சண்டை.

ஒன்று சொல்லிவிடுகிறேன். ‘3 நானோமீட்டர் சில்லு’ என்று விளம்பரத்தில் பார்த்தால் ஸ்கேலை எடுத்து அளக்காதீர்கள். அது ஒரு பெயர், அவ்வளவுதான். உள்ளே கோட்டுக்குக் கோடு தூரம் 20 நானோமீட்டருக்கு மேலேயே இருக்கும். ஆனாலும் ஒரு நகத்தளவு சில்லில் ஆயிரம் கோடிக்கு மேல் டிரான்சிஸ்டர் என்பது பொய்யில்லை.

எல்லோரும் இப்படி மலையைப் புரட்டித்தான் சின்னக்கோடு போடுகிறார்களா என்றால், இல்லை. எலெக்ட்ரான் கற்றையைப் பேனாவாக வைத்து எழுதலாம். அலைநீளத் தகராறே இல்லை. இதற்கு ஒரு கதை. 1959 டிசம்பரில் விஞ்ஞானி ரிச்சர்ட் ஃபெயின்மன் ஒரு புத்தகப் பக்கத்தை 25,000 மடங்கு சுருக்கி எழுதுகிறவருக்கு 1,000 டாலர் பரிசு என்று அறிவித்தார். வாங்க ஆள் இல்லாமல் கால் நூற்றாண்டு போனது. 1985-ல் ஸ்டான்ஃபோர்டு மாணவர் டாம் நியூமன், சார்லஸ் டிக்கன்ஸின் ‘இரு நகரங்களின் கதை’ நாவலின் முதல் பக்கத்தை எலெக்ட்ரான் கற்றையால் எழுதிவிட்டார். எழுதியது பெரிய கஷ்டமில்லையாம். எழுதியதை எங்கே வைத்தோம் என்று கண்டுபிடிப்பதுதான் கஷ்டமாக இருந்ததாம்! மூக்குக்கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடுகிற எனக்கு அவர் மேல் அபார அனுதாபம்.

எலெக்ட்ரான் பேனாவின் குறை, வேகம். கையெழுத்துப் பத்திரிகைக்கும் அச்சடித்த பத்திரிகைக்கும் உள்ள வித்தியாசம். அதனால் மூல நெகடிவ்வை மட்டும் அதில் எழுதிக்கொண்டு, பிரதி எடுக்க வெளிச்சத்துக்கு வந்துவிடுவார்கள். இன்னும் பொறுமைசாலிகளும் உண்டு. 1989-ல் ஐ.பி.எம்.மின் டான் ஐக்லர், நிக்கல் பரப்பில் 35 செனான் அணுக்களை ஊசிமுனையால் ஒவ்வொன்றாக நகர்த்தி, கம்பெனியின் மூன்று எழுத்தை எழுதினார். 22 மணி நேரம் ஆனது.

“மூணு எழுத்துக்கு இருபத்திரண்டு மணி நேரமா? நம்ம கம்பாசிட்டர் நாயுடுவே தேவலாம்போல,” என்றார் மாமா.

எனக்குப் பிடித்தது வேறொன்று. 1995-ல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் சூ, வெளிச்சமே வேண்டாம் என்றார். கெட்டியான ஒரு அச்சைச் செய்து, சூட்டில் இளகிய பிளாஸ்டிக் படலத்தில் அமுக்கினார். எடுத்தார். 25 நானோமீட்டர் பள்ளங்கள் அப்படியே பதிந்திருந்தன. கொழுக்கட்டை அச்சு! ஹார்வர்டில் ஜார்ஜ் வைட்சைட்ஸ் குழுவோ ரப்பர் ஸ்டாம்பே செய்து, தங்கத்தின்மேல் மூலக்கூறு மையால் முத்திரை குத்தியது. ஐந்து வருஷம், பத்து வருஷம் என்று எல்லோரும் மறந்துவிட்டதாக நினைத்த அந்த அமுக்குகிற முறையில் ஜப்பானின் கேனன் கம்பெனி 2023-ல் சில்லு அடிக்கிற மெஷினையே அறிவித்தது.

“கட்டை அச்சு திரும்ப வந்திடுச்சுன்னு சொல்லு,” என்றார் மாமா. அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

* * *

சாயங்காலம் காபி வந்த நேரத்தில்தான் மாமா அந்தக் கேள்வியைக் கேட்டார். நாளெல்லாம் மனசில் வைத்திருந்தார் என்று நினைக்கிறேன்.

“எல்லாம் சரி பாப்பா. நேரா ஆழமாக் கடிக்கணும்னா பக்கவாட்டுல அரிக்குமே. அதுக்கு என்ன பண்றீங்க?”

கவிதா டம்ளரைக் கீழே வைத்தாள். “தாத்தா, எனக்கு இன்டர்வியூவில கேட்ட முதல் கேள்வியே இதுதான்.”

அவர்கள் ஆழமாகத் தோண்டும்போது ஆசிட்டுக்குப் பதில் வாயு. பிளாஸ்மாவாக்கிய ஃபுளூரின் வாயு சிலிக்கானைக் கடிக்கும். அதுவும் பக்கவாட்டில் கடிக்கத்தான் செய்யும். 1990-களின் ஆரம்பத்தில் ஜெர்மனியின் பாஷ் கம்பெனி எஞ்சினியர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சில விநாடி கடிக்க விடு. நிறுத்து. வேறு வாயுவை விட்டு, நான்ஸ்டிக் தவா பூச்சு மாதிரி ஒரு படலத்தைப் பள்ளம் முழுக்கப் பூசு. மறுபடி கடி. மேலிருந்து செங்குத்தாகப் பாயும் அயனிகள் தரையில் இருக்கும் பூச்சை மட்டும் தட்டிவிடும், சுவர்ப் பூச்சு அப்படியே நிற்கும். ஆக, கடி கீழேதான் போகும். கடி, பூசு, கடி, பூசு. போனைச் சாய்த்தால் படமும் சாய்கிறதே, அதை உணர்கிற குட்டி உறுப்பைச் செதுக்குவது இந்த முறையில்தான்.

மாமா எதுவும் சொல்லவில்லை. எழுந்தார். ஸ்டூலைப் போட்டு என்னைப் பரண்மேல் ஏறச் சொன்னார். மூன்றாவது டிரங்குப் பெட்டிக்குப் பின்னால், துணி சுற்றி ஒரு பிஸ்கட் டப்பா. இறக்கிக் கொடுத்தேன். திறந்தார். சிவப்புப் பொடி. பாதி டப்பா இருந்தது. கட்டி தட்டிப் போயிருந்தாலும் நிறம் போகவில்லை.

“இதான் எங்க பூச்சு,” என்றார். “நாலு பக்கமும் தள்ளணும்.”

பேத்தி ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தாள். பிறகு பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்தாள். எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் எடுத்தது. அவள் தோண்டிய ஒரு பள்ளத்தைக் குறுக்கே உடைத்துப் பார்த்த படம். சுவர் நேராக இருந்தது. ஆனால் கிட்டப்போய்ப் பார்த்தால் சிப்பி சிப்பியாகச் சின்ன வளைவுகள். மாமா மேஜை டிராயரிலிருந்து பழைய பூதக்கண்ணாடியை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டார். உதடு முணுமுணுத்தது.

“பதினோரு பைட் கொடுத்திருக்கே.”

கவிதா என்னைப் பார்த்தாள். “பதினொண்ணுதான் மாமா. பதினோரு சைக்கிள்.”

“நாலாவது கொஞ்சம் ஜாஸ்தி கடிச்சிருக்கு.”

“அன்னிக்கு வால்வ் மக்கர் பண்ணுச்சு தாத்தா! அதை எங்க லேப்ல ரெண்டு நாள் கழிச்சுதான் கண்டுபிடிச்சாங்க!”

மாமா பூதக்கண்ணாடியைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

அவள் ஒரு சின்ன சிலிக்கான் துண்டும் கொண்டுவந்திருந்தாள், 500 நானோமீட்டருக்கு ஒரு கோடு வீதம் போட்டது. வெறும் கண்ணுக்குக் கோடு தெரியாது. சாய்த்தால் வானவில் மாதிரி நிறம் ஓடியது. “இதுல எத்தனை லைன் ஸ்கிரீன்?” என்றார். கவிதா போனில் கணக்குப் போட்டாள். அங்குலத்துக்கு 50,800. மாமா அந்த எண்ணை இரண்டு தடவை சொல்லச் சொன்னார். பிறகு அந்தத் துண்டைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். திருப்பித் தரும் உத்தேசம் எதுவும் தெரியவில்லை.

இருட்டியதும் கிளம்பினேன். வாசல்வரை மாமா வந்தார். செருப்பை மாட்டிக்கொண்டே, இத்தனை வருஷமாக வராத வார்த்தையை ஒருவழியாகச் சொன்னேன். “மாமா, அந்த லெட்டர்... 1987-ல... நான்தான் கையெழுத்து...”

“தெரியும். வெச்சிருக்கேன்,” என்றார் மாமா. “ஆபீஸ் லெட்டர்ல தேதி போடணும்டா. நீ போடலை.”

உள்ளேயிருந்து கவிதா குரல் கொடுத்தாள். அவளுக்கு அந்தச் சிவப்புப் பொடியில் கொஞ்சம் வேண்டுமாம். மாமா ஒரு பாலிதீன் கவரில் கட்டி, “உன் மெஷின்கிட்ட வெச்சுக்கோ” என்று கொடுத்தார்.

“அய்யோ தாத்தா, கிளீன் ரூமுக்குள்ள இதைக் கொண்டுபோனா என்னை வேலையை விட்டே தூக்கிடுவாங்க. வெளியில, என் மேஜைமேல வெச்சுக்கறேன்.”

“ஈரம் படாமப் பாத்துக்கோ,” என்றார் மாமா.